கதவைத் தாங்குவது கழுந்தா, பசையா?

பூம்புகாரை அடுத்த கீழையூரில் 1960களில் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, செங்கல்லால் கட்டிய படகுத்துறையும் அதனோடு மரக்கட்டைகளும் வெளிப்பட்டன. கார்பன் கணிப்புப்படி அவை கிறிஸ்துவுக்கு முந்தியவை. காற்றுப் புகாத ஈரச் சேற்றில் கிடந்ததால் இத்தனை காலம் மக்காமல் தப்பின. அதே மண்ணில் இன்று மாட்டும் சன்னல்கள் சில, நாலைந்து மழைக்காலத்திலேயே மூட்டு விட்டு ஆடுகின்றன. மாறி மாறி நனைவதும் காய்வதும்தான் மரத்தை வாட்டுகிறது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மரம் ஈரத்தை இழுத்து உப்பும். சித்திரை வெயிலில் சுருங்கும். பச்சைத் தேக்கு முற்றாகக் காய்ந்தால் அகலத்தில் நூற்றுக்கு 5, 6 பங்குவரை குறையும். நீளத்தில் அரைப் பங்குகூட இராது. கதவில் நிமிர்ந்த சட்டமும் குறுக்குச் சட்டமும் சந்திக்கும் இடத்தில் ஒன்று அசையும் திசையில் மற்றது அசையாது. இடையில் அகப்பட்டு இழுபடுவது பசை.

அதனால்தான் நல்ல ஆசாரி பாரத்தைக் கழுந்திடம் விடுகிறார். குறுக்குச் சட்டத்தின் நுனியை நாக்குபோல் செதுக்கி, நிமிர்ந்த சட்டத்தில் உளியால் தோண்டிய துளையில் இறுக்குகிறார். பல நாட்டுத் தச்சர்களும் கையாண்ட ஒரு நுட்பம் இதில் உண்டு. தச்சு வேலையிலேயே எனக்கு மிகப் பிடித்தது அது. முளைக்கான ஓட்டையை இரண்டு கட்டையிலும் நேராகப் போடாமல், கழுந்தில் மட்டும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உட்பக்கம் தள்ளிப் போடுவார்கள். கொட்டாப்புளியால் அடிக்க அடிக்க மரமுளை வளைந்து உள்ளே போய், இரு சட்டங்களையும் இடைவெளியின்றி இழுத்துக் கட்டும். பசை இல்லாமலே மூட்டு நிற்கும். இரும்பாணியானால் உப்புக்காற்றில் துருவேறிச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். நடுப்பலகையைக் காடியில் ஒட்டாமல் விடுவதும் அது தாராளமாக உப்பிச் சுருங்கத்தான்.

பசை வேண்டாம் என்பதல்ல. தோலையும் எலும்பையும் காய்ச்சிய வஜ்ஜிரம் ஈரம் பட்டால் இளகும். ஆனால் சூடுகாட்டிப் பிரித்துப் பழுதுபார்க்கலாம். 1959இல் ஃபெவிகால் வந்தபின் வெள்ளைப் பசை பட்டறைகளில் பரவியது. வீட்டுக்குள் அது அருமையாகப் பிடிக்கும். மழை நேரடியாக அடிக்கும் சன்னலுக்குச் சாதாரண வெள்ளைப் பசை போதாது, நீர் தாங்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ஐரோப்பியத் தரத்தில் டி1 முதல் டி4 வரை நான்கு படிகள், வெளிப்புறத்துக்கு டி4. எந்தப் பசையானாலும் கழுந்தின் அகலமான பக்கங்களில் பூசுங்கள். வெட்டுமுனையில் பூசினால் நுண்துளைகள் உறிஞ்சிவிடும், பிடிப்பு இராது.

அதே நுண்துளைகள் தண்ணீரையும் உறிஞ்சும். கதவை மாட்டுமுன் கவிழ்த்துப் போட்டு, சட்டங்களின் அடிமுனைக்கு இரண்டு கை பெயின்ட் அடித்துவிடுங்கள். மாட்டியபின் அங்கே தூரிகை போகாது.