‘இது’ என்றால் எது? - பார்வையற்ற மாணவர்களுக்குக் கணக்கைத் திறந்துவிடும் கோவை வழி

“இதை அந்தப் பக்கம் கொண்டுபோனா மைனஸ் ஆயிடும். புரிஞ்சுதா?”

கணக்கு ஆசிரியர் கேட்க, வகுப்பே தலையாட்டும். அங்கே பார்வையற்ற மாணவர் ஒருவர் இருந்தால், அவருக்கு மட்டும் குழப்பம். ‘இது’ எது? ‘அந்தப் பக்கம்’ எந்தப் பக்கம்?

இப்படியே சில மாதங்கள் போனால், “கணக்கெல்லாம் உனக்கு எதுக்கு கண்ணு, விட்டுடு” என்று வீட்டிலேயே ஆறுதல் சொல்லிவிடுவார்கள். கணக்கை விட்டால் இயற்பியல், கணினி, வங்கி வேலை எனப் பல கதவுகள் சேர்ந்தே மூடிக்கொள்ளும்.

பெரியநாயக்கன்பாளையம் காட்டிய வழி

இந்தக் கதவுகளைத் திறக்கப் பாடுபட்ட ஊர்களில் ஒன்று கோவை. தி.சு.அவினாசிலிங்கம் 1930-ல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம், மேட்டுப்பாளையம் சாலையில் பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிறது. பார்வையற்ற குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியர்களை உருவாக்கும் இடம் இது.

இங்கே பேராசிரியராக இருந்த எம்.என்.ஜி.மணி, பார்வையற்றோர் கல்விக்கான சர்வதேச அமைப்பான ‘ஐ.சி.இ.வி.ஐ.’யின் தலைமைச் செயல் அதிகாரியானார். பார்வையற்ற குழந்தைகளுக்குக் கணிதத்தை எளிதாகக் கற்றுத்தருவது பற்றி, சக நிபுணர்களுடன் சேர்ந்து இவர் எழுதிய நூல் 2005-ல் வெளியானது. அந்த அமைப்பின் கணித வீடியோக்கள் இப்போது யூடியூபிலும் கிடைக்கின்றன.

விரல் நுனியில் கணக்கு

எழுதப் படிக்க ஆறு புள்ளி பிரெய்ல். கூட்டிக் கழிக்க அபாகஸ். கை பட்டதும் மணிகள் நகர்ந்துவிடாதபடி அடியில் மெத்தென்ற துணி வைத்திருப்பார்கள். ‘டெய்லர் ஃப்ரேம்’ என்ற பலகையில் எண்கோணக் குழிகள் இருக்கும். அவற்றில் செருகும் சிறு கட்டை எந்தத் திசையில் திரும்பியிருக்கிறது என்பதைத் தடவிப் பார்த்தே எண்ணைச் சொல்லிவிடலாம். அட்டையில் நூலை ஒட்டினால் முக்கோணம் தயார். வட்டத்துக்கு வளையல் போதும்.

இவற்றைப் பழக்குவதும், வகுப்பாசிரியருக்கு வழி சொல்வதும் சிறப்பாசிரியரின் வேலை. வகுப்பாசிரியர் செய்யவேண்டியது ஒன்றுதான்: எழுதுவதை வாய்விட்டுச் சொல்வது. “மூன்று எக்ஸ் கூட்டல் ஐந்து, சமம் இருபது. ஐந்தை வலப்பக்கம் கொண்டுபோனால் கழித்தல் ஐந்து. ஆக, மூன்று எக்ஸ் சமம் பதினைந்து.” இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. கடைசி பெஞ்சு மாணவருக்கும் கணக்கு தெளிவாகும்!

பெற்றோர் கவனத்துக்கு...

* 40 சதவிகிதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுக் குழந்தைகள், அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ விருப்பப்படி இலவசக் கல்வி பெறலாம். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தரும் உரிமை இது.

* பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம் போன்ற சலுகைகள் உண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மருத்துவச் சான்றிதழுடன் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

* ஓரளவு பார்வை உள்ள குழந்தைக்குப் பெரிய எழுத்துப் புத்தகமும் முன்வரிசை இருக்கையும் கேளுங்கள்.

* ஆண்ட்ராய்டு போனில் ‘டாக்பேக்’ வசதியை இயக்கினால், திரையில் இருப்பதைத் தமிழிலேயே படித்துக் காட்டும்.

அடுத்த முறை குழந்தை கணக்கு நோட்டோடு வந்தால், “விட்டுடு கண்ணு” வேண்டாம். “வா கண்ணு, தொட்டுப் பார்க்கலாம்” என்று அழைத்துப் பாருங்கள்!