வெறுப்பு என்னுஞ் சொல்லும் அதன் வழக்கும்

உள்ளத்தே தோன்றும் உணர்ச்சிகளுள் விருப்பும் வெறுப்பும் தலையாயவை. விருப்பினைப் பற்றி நம்மவர் எழுதியவை மிகப்பல. வெறுப்பினைப் பற்றி எழுதப் புகுவார் சிலரே. எனினும், வீட்டிலும் வீதியிலும் வகுப்பறையிலும் அது நம் பேச்சில் நாள்தோறும் வந்துகொண்டே இருக்கின்றது. மாணவர் எழுதும் கட்டுரைகளிலோ பிடியாமை, சலிப்பு, அருவருப்பு, பகை ஆகிய யாவற்றுக்கும் 'வெறுக்கிறேன்' என்னும் ஒரு சொல்லே போதும் என்ற நிலை காணப்படுகின்றது. ஒரு சொல்லைப் பலவற்றுக்கும் வழங்கினால் வரும் இழுக்கு யாது எனின், இழுக்கு உண்டு. அதனைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லின் பழம்பொருள்

தொல்காப்பியர் சொல்லதிகாரத்து உரியியலில் வெறுப்பு என்பதனை விறப்பு, உறப்பு என்னுஞ் சொற்களோடு ஒருங்குவைத்து, அதற்குச் செறிவு என்று பொருள் கூறினார். புன்னாலைக்கட்டுவன் கணேசையர் அவர்களின் குறிப்புகளோடு 1938 ஆம் ஆண்டில் வெளிவந்த சேனாவரையர் உரைப் பதிப்பில் நம் மாணவர் இதனைக் காணலாம். திருக்குறளில் ஊக்கமுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளிலே வெறுக்கை என்னுஞ் சொல் மிகுதி என்னும் பொருளில் நிற்கின்றது. செல்வத்துக்கும் வெறுக்கை என்று ஒரு பெயர் உண்டு. ஆயின், கடவுள் வாழ்த்திலே வள்ளுவர் 'வேண்டாமை' என்று கூறியதற்குப் பரிமேலழகர் வெறுத்தல் என்றே உரை வரைந்தார். ஆகவே அவர் காலத்தில் இன்றைய பொருளும் நிலைபெற்றுவிட்டது என்பது தெளிவு.

செறிவு எங்கே, வெறுப்பு எங்கே என்று வியக்க வேண்டியதில்லை. "ஒரே கறியைத் தின்று தின்று வெறுத்துப்போச்சு" என்று நம் வீடுகளிற் கூறுவதை நோக்குக. கறி கெட்டுப்போகவில்லை, உண்டவர்க்கும் அதனோடு பகையில்லை. மிகுந்தமையாலே தெவிட்டிற்று. இரு பொருளையும் இவ்வாறு இணைத்தல் உய்த்துணர்வே ஆயினும், நம் வழக்கு அதற்கு இடந்தருகின்றது.

வாக்கியத்தில் அமையும் முறை

இச்சொல்லை வாக்கியத்தில் அமைக்கும்போது வேற்றுமையுருபே பொருளை நிறுத்துகின்றது. "எனக்கு அவன்மேல் வெறுப்பு" என்பதில் நான்காம் வேற்றுமை ஏற்றவன் வெறுப்பை உடையவன். 'மேல்' என்பதனாற் சுட்டப்பட்டவன் வெறுக்கப்படுபவன். "அவனுக்கு வெறுப்பு" என்றால் வெறுப்பு அவனுடையதாகிவிடும். அவன்மீது நாம் கொண்ட வெறுப்பைச் சொல்ல வேண்டின் 'அவன்மீது' என்றோ 'அவன்பால்' என்றோ எழுதுதல் வேண்டும்.

இனி, "நான் அவனை வெறுக்கிறேன்" என்பதும் "எனக்கு வெறுத்துப்போச்சு" என்பதும் ஒன்றல்ல. முன்னையதில் எழுவாயாக நிற்பவன் தானே விரும்பி ஒரு வினையைச் செய்கின்றான். செயப்படுபொருளும் வெளிப்படையாக நிற்கின்றது. பின்னையதில் வெறுப்பு அவன் செய்த வினையன்று, அவனுக்கு நேர்ந்தது. "நான் கணிதத்தை வெறுக்கிறேன்" என்று ஒரு மாணவன் எழுதினால் அவனோடு வாதாடலாம். "படிப்பே வெறுத்துப்போச்சு" என்று அவன் கூறினாலோ வாதாடிப் பயனில்லை. அவன் எதனாற் சோர்ந்தான், வீட்டில் நேர்ந்தது என்ன என்று வினவி அறிதல் வேண்டும். "எல்லாமே வெறுத்துப்போச்சு" என்று ஒரு பிள்ளை சொல்லக் கேட்ட ஆசிரியர் அன்றே அப்பிள்ளையை அருகழைத்துப் பேசுதல் கடன். அங்கே பேசுவது பகையன்று, துயரம்.

வழக்கிலுள்ள படிகள்

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கு இவ்வுணர்ச்சியைப் பல படியாகப் பிரித்து வைத்திருக்கின்றது. "எனக்குப் பாவற்காய் விருப்பமில்லை" என்பது முதற்படி. இது சுவை பற்றியது. "சீ எண்டு போச்சு" என்பது நம்பிய ஒன்று தாழ்ந்தமையால் வரும் மனமுறிவு. "அரியண்டம்" என்பது ஓயாத தொல்லையால் வரும் எரிச்சல். அழுகியதைக் கண்டு உடல் கூசுதல் அருவருப்பு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டனுள் ஒன்றாகக் கூறிய இளிவரல் இதற்கு அணித்தாயினும், அவர் அதற்கு நிலைக்களமாகக் காட்டியவை மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்குமாம். "அவனைக் கண்ணிலே காட்டக்கூடாது" என்னும்போதே ஓர் ஆளின்மீது கொண்ட வெறுப்பு முற்றுகின்றது.

அதற்கும் மேற்பட்டது காழ்ப்பு. காழ் என்பது மரத்தின் வைரம். புறத்தே காழுடையவற்றைப் புல் என்றும் அகத்தே காழுடையவற்றை மரம் என்றும் மரபியல் வகுக்கும். நம் பனை புறக்காழுடையது. முற்றிய பனையிலேதான் வளைக்கும் சிலாகைக்கும் வேண்டிய வைரம் உண்டு; வடலியில் அது இல்லை. வைரம் என்னுஞ் சொல்லுக்கும் நெடுநாட் பகை என்றொரு பொருள் வழங்குகின்றது. எனவே, நேற்று உண்டான சினத்தைக் காழ்ப்பு என்றல் பொருந்தாது. பல்லாண்டாக உள்ளிருந்து இறுகியதே அப்பெயர்க்கு உரியது.

மனிதரை வெறுத்தல்

"அவன் செய்கையை வெறுக்கிறேன்" என்பதற்கும் "அவனை வெறுக்கிறேன்" என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு சொல்லளவே. ஆயின் முன்னையதிற் செய்கை மாறினால் வெறுப்பும் நீங்கும். பின்னையதில் அவன் திருந்தினாலும் அது நீங்காது. "அவர்களை வெறுக்கிறேன்" என்று பன்மையிற் கூறும்போதோ முகமறியாத பல்லாயிரவர் மீது அது சென்று தைக்கின்றது. இகல் என்பதனை, உயிர்களிடத்தே ஒன்றோடொன்று பொருந்தாமை என்னும் தீக்குணத்தை வளர்க்கும் நோய் என்றார் வள்ளுவர். 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததையும் 1983 ஆம் ஆண்டில் நிகழ்ந்தவற்றையும் அறிந்த நமக்கு அந்நோயின் இயல்பை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இன்று இச்சொல் சட்டத்தினுள்ளும் புகுந்துள்ளது. ஐக்கிய நாடுகள் சபை 1966 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையின் 20 ஆம் உறுப்புரை, பாகுபாட்டுக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ தூண்டுதலாக அமையும் தேசிய, இன, மத வெறுப்பைப் பரப்புதல் சட்டத்தால் தடுக்கப்படவேண்டும் என்கின்றது. 1980 ஆம் ஆண்டில் அதிற் சேர்ந்த இலங்கை, 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்தால் அத்தடையை இயற்றியது. உள்ளத்தே ஒன்றைப் பிடியாமை குற்றமன்று. பிறரைத் தீமைக்குத் தூண்டும் வகையில் வெறுப்பைப் பரப்புதலே அங்குக் குற்றம். சலிப்பையும் பகையையும் ஒரே சொல்லாற் கூறிப் பழகியவனுக்கு இவ்வெல்லை புலப்படுதல் அரிது.

ஆதலின், மாணவர் 'வெறுக்கிறேன்' என்று எழுதுமுன் மூன்று வினாக்களைத் தம்முள் எழுப்புவாராக. இது பிடியாமையா, சலிப்பா, அருவருப்பா, வெறுப்பா? இது நான் செய்வதா, எனக்கு நேர்ந்ததா? நான் வெறுப்பது செய்கையையா, செய்தவனையா? இவற்றுக்கு விடை கண்டபின், அச்சொல்லுக்குரிய இடங்கள் மிகச்சிலவே என்பது புலனாகும். எஞ்சிய இடங்களுக்கெல்லாம் ஏற்ற சொற்களை நம் வீட்டார் பேச்சே தந்துதவும்.