தேயிலைக்காட்டுத் தொடக்கப் பள்ளியும் அதன் பழைய பதிவேடும்

தேவாலா, பந்தலூர் பக்கத்து எஸ்டேட்டுகளில் தொடக்கப் பள்ளி என்றால் ஓடு வேய்ந்த ஒரு கட்டடம், முன்னால் சின்னத் திடல், சுற்றிலும் தேயிலை. வெளியூர்க்காரர்களுக்கு அதில் பார்க்க எதுவும் இல்லை. ஆனால் அலமாரியில் இருக்கும் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினால், இந்த மலைக்கு யார் யார் எப்போது வந்து சேர்ந்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

மலபாரோடு இருந்த இந்தப் பகுதி 1877-ல்தான் நீலகிரியில் சேர்ந்தது. அதற்கு இரண்டே வருடத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சுரங்க நிபுணர் பிரவ் ஸ்மித் இங்கே தங்கம் இருக்கிறது என்று சொல்ல, லண்டனில் கம்பெனி மேல் கம்பெனி முளைத்தது. சில வருடங்களில் எல்லாம் கவிழ்ந்தது. பின்னால் நிலைத்தது தேயிலை. அது நிலைக்க ஆட்கள் வேண்டியிருந்தது. ஆட்கள் வந்தால் பிள்ளைகளும் வருவார்கள்.

அந்தப் பிள்ளைகள் கணக்கில் வந்தது 1951-ல்தான். தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, 6 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருக்கும் தோட்டத்தில் படிப்புக்கு முதலாளியே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று விதி போட மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. காமராசர் காலத்தில் மாநிலம் முழுக்க ஊருக்கு ஊர் பள்ளி பெருகியது. 1956-ல் மதிய உணவும் வந்தது. கொழுந்து கிள்ளப் போகும் தாய்க்கு, பிள்ளை பகலில் சாப்பிட்டிருக்கும் என்ற நிம்மதி படிப்பைவிடப் பெரிதாகத் தெரிந்திருந்தால் அதில் தப்பில்லை.

பிறகு சிலோன்காரர்கள் வந்தார்கள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் 1975-ல் டான்டீ கழகமானது. லயன்கள் எழுந்தன, வகுப்புகள் நிரம்பின. சிலோன் தமிழ் பேசும் பிள்ளை, வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளை, பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள். பணியர் பிள்ளைக்கு வீட்டில் ஒரு மொழி, பாடப்புத்தகத்தில் வேறு மொழி. பதில் சொல்லத் தயங்கினால் 'மந்தம்' என்று முத்திரை குத்தியது நம்முடைய கோளாறே தவிர, பிள்ளையின் கோளாறு இல்லை. கூடலூரில் ஆதிவாசிப் பிள்ளைகளுக்காக நடக்கும் வித்யோதயா பள்ளி, வீட்டுமொழிக்கும் பாட்டுக்கும் வகுப்பில் இடம் கொடுத்தது. அரசுப் பள்ளிகள் அதைப் பார்த்தாவது கற்றுக்கொள்ளலாம்.

இப்போது காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. ஓய்வு பெற்றவர்கள் லயனைக் காலி செய்கிறார்கள். பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். டான்டீ நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க 2022-ல் அரசு முடிவெடுத்தது. மிச்சமிருக்கும் வீட்டுப் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளி வேன் ஏற்றிக்கொண்டு போகிறது. ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அருகில் இருப்பது இந்தப் பள்ளிதான்.

எண்ணிக்கை குறைந்தால் மூடிவிடுவார்களா? 2019-ல் ஒரு பிள்ளைகூட இல்லாத பள்ளிகளை நூலகமாக்க அரசு முடிவெடுத்தது நினைவிருக்கலாம். சமவெளியில் ஒரு பள்ளி மூடினால் பிள்ளை அடுத்த ஊருக்கு சைக்கிளில் போகும். இங்கே நடுவில் யானைத் தடம். 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே எஸ்டேட்டில் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. கல்வி உரிமைச் சட்ட விதிகள் சொல்லும் ஒரு கிலோமீட்டர் தூரத்தை, ஜூலை மழையில், மூடுபனியில் ஆறு வயதுப் பிள்ளையோடு நடந்து பார்த்தால்தான் அது எவ்வளவு தூரம் என்று புரியும்.

பெற்றோர் கையில் இருப்பது பள்ளி மேலாண்மைக் குழு. அதன் தலைவர் பதவி ஒரு தாய்க்குத்தான். 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. வழித்துணை வேண்டும், பாதையோரப் புதர் வெட்ட வேண்டும், ஆசிரியர் இடம் காலி என்பதையெல்லாம் கூட்டத்தில் தீர்மானமாக எழுத வையுங்கள். வாயால் சொன்னது அடுத்த மழையோடு போய்விடும்.

பதிவேட்டையும் மறக்க வேண்டாம். பட்டா இல்லாத குடும்பம் பல உள்ள தாலுகா இது. பிறந்த தேதிக்கும் சாதிச் சான்றுக்கும் பல வீடுகளில் பள்ளிச் சான்றைவிட்டால் வேறு காகிதம் கிடையாது. பூஞ்சணம் பிடிக்கும் ஈரத்தில் அந்தப் பழைய ஏடு எத்தனை நாள் தாங்கும்? தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேட்டு உங்கள் வீட்டாரின் பதிவுக்குச் சான்று வாங்கி வையுங்கள். அப்படியே முதல் பக்கத்தில் முதலாவதாகப் பெயர் எழுதிய பிள்ளை எந்த ஊரிலிருந்து வந்த குடும்பம் என்று பார்த்து நமக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.