நந்தியாவட்டைக்குள் என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டின் பல ஊர்களைப் போலவே, ஜவ்வாது மலை அடிவாரத்து ஆலங்காயத்திலும் நந்தியாவட்டை வாசல் செடிதான். காலையில் பூவைப் பறித்துச் சாமி படத்துக்கு வைப்பார்கள். கண் எரிச்சல் என்றால் ஒரு பூவை மூடிய இமைமேல் வைத்துக்கொண்டு படுப்பார்கள். செடிக்குப் பெரிய கவனிப்பு தேவையில்லை. கிளையை ஒடித்தால் பால் வடியும். ஆடு மாடு பெரும்பாலும் வாய் வைக்காது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொன்ன 99 பூக்களில் 'நந்தி' என்று வருவது இதுதான் என்பது உரைகாரர்கள் கருத்து. இவ்வளவு காலம் கூடவே இருந்த செடியின் பட்டையில், வலியை அடக்கக்கூடிய புதுவகை மருந்து ஒன்றுக்கான தடயம் இருந்திருக்கிறது.

அந்தத் தடயம் இண்டோல் அல்கலாய்டுகள் என்னும் சேர்மங்களில் இருக்கிறது. அல்கலாய்டு என்பது நைட்ரஜன் உள்ள தாவரச் சேர்மம். பெரும்பாலும் கசக்கும், மிகச் சிறிய அளவிலேயே உடலில் வேலை காட்டும். காப்பியில் உள்ள காஃபீன், புகையிலையின் நிக்கோட்டின், சிங்கோனா பட்டையின் குயினைன் எல்லாம் அல்கலாய்டுகளே. இண்டோல் என்பது ஒரு குறிப்பிட்ட கட்டமைப்பு: ஆறு கார்பன் அணுக்களால் ஆன வளையம் ஒன்றும், நான்கு கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்த வளையம் ஒன்றும் ஒரு பக்கத்தைப் பொதுவாக வைத்து ஒட்டியிருக்கும்.

நம் உடம்புக்கும் இது புதிதல்ல. பருப்பு, பால், முட்டையில் கிடைக்கும் டிரிப்டோஃபன் என்ற அமினோ அமிலத்தில் இண்டோல் இருக்கிறது. அதிலிருந்துதான் மூளையில் செய்தி கடத்தும் செரோடோனினையும், தூக்கத்தை ஒழுங்கு செய்யும் மெலடோனினையும் உடல் தயாரித்துக்கொள்கிறது. செடியும் அதே டிரிப்டோஃபனில்தான் தொடங்குகிறது. அதை டிரிப்டமைனாக மாற்றி, செகோலோகானின் என்ற இன்னொரு பொருளோடு இணைத்து, ஸ்ட்ரிக்டோசிடின் என்ற தாய்ச் சேர்மத்தை உண்டாக்குகிறது. அதிலிருந்து கிளை கிளையாகப் பிரிந்தவை ஆயிரக்கணக்கில் தாவர உலகில் இருக்கின்றன. பூச்சியும் விலங்கும் தன்னைத் தின்னாமல் இருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது. நம் நரம்பு மண்டலத்தின் செய்திப் பொருள்களை ஒத்த அமைப்பு இருப்பதால், இவற்றில் பல நம்மையும் தொடுகின்றன.

நந்தியாவட்டையின் உறவுகள் இரண்டு ஏற்கெனவே உலகப் புகழ் பெற்றுவிட்டன. சர்ப்பகந்தா வேர் உயர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். 1952-இல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற இண்டோல் அல்கலாய்டைப் பிரித்தெடுத்தார்கள். சுடுகாட்டுப் பூ என்று நம்மில் பலர் ஒதுக்கும் நித்யகல்யாணியின் கதை இன்னும் பெரியது. சர்க்கரை நோய்க்கு மருந்தாகுமா என்று பார்க்கத்தான் கனடாவின் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதன் இலைச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. அப்படி 1958-இல் கிடைத்தது வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டினை 1963-இல் அமெரிக்கா அனுமதித்தது. இன்று குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அது தவிர்க்க முடியாத மருந்து. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை போன்ற இடங்களில் பிழைத்து வீடு திரும்பும் பிள்ளைகளின் சிகிச்சைக்குப் பின்னால் நம் வேலியோரச் செடியின் வேதியியலும் இருக்கிறது.

இனி நந்தியாவட்டைக்கு வருவோம். இதிலிருந்து பிரிக்கப்பட்ட அல்கலாய்டுகள் ஏராளம்: கொரோனாரிடின், வோகாஞ்சின், கோனோஃபிலின் என்று நீளும். நினைவாற்றலுக்குத் தேவையான அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் சேர்மங்கள் இதன் வேரில் இருப்பதைத் தாய்லாந்து ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் மிகுந்த கவனத்தை ஈர்த்தது கோனோலிடின்தான்.

2004-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டோ சியோக் காம் குழு தண்டுப்பட்டையிலிருந்து இதைப் பிரித்தது. கிடைத்த அளவு 0.00014 சதவீதம், அதாவது ஒரு கிலோ பட்டைக்கு ஏறத்தாழ 1.4 மில்லிகிராம். அந்த அளவை வைத்து எலிச் சோதனைகூட ஒழுங்காகச் செய்ய முடியாது. ஆகவே 2011-இல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் கிளென் மிக்காலிசியோவின் குழு இதை ஆய்வுக்கூடத்திலேயே ஒன்பது படிகளில் செய்து முடித்தது. எலிகளுக்குக் கொடுத்தபோது வலி குறைந்தது. வியப்பு என்னவென்றால், மார்ஃபின் என்ற வலிநிவாரணி செல்களில் போய்ப் பிடிக்கும் ஓபியாய்டு ஏற்பிகளை இது தொடவில்லை. மார்ஃபினின் பெரிய ஆபத்துகளான அடிமைத்தனமும் மூச்சு மந்தமாவதும் அந்த ஏற்பிகள் வழியாகத்தான் வருகின்றன.

அப்படியானால் வலி எப்படிக் குறைந்தது? லக்சம்பர்க் சுகாதார ஆய்வு நிறுவனத்தார் 2021-இல் ஒரு விடை தந்தார்கள். வலியைத் தணிக்க உடம்பே என்கெஃபலின் போன்ற இயற்கை ஓபியாய்டுகளைச் சுரக்கிறது. ஏ.சி.கே.ஆர்.3 என்ற ஏற்பி, வயலில் மடை உடைந்து நீர் வீணாவதுபோல, அவற்றை இழுத்து வீணாக்கிவிடுகிறது. கோனோலிடின் அந்த ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்வதால் இயற்கை வலிநிவாரணி உடம்பிலேயே தங்குகிறது. எனக்கு இந்தச் செடியின் வேதியியலில் மிகவும் பிடித்த இடம் இதுதான். வெளியிலிருந்து போதையைக் கொண்டுவராமல், உடம்பின் சொந்தச் சரக்கைக் காப்பாற்றும் வழி இது.

நந்தியாவட்டை ஆய்வுக்குத் தேவையான கருவிகளும் அறிவும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் உண்டு. நம் வாசல் செடியின் இந்தப் பெருங்கதை மலேசியாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டது எனக்கு வருத்தம்தான்.

இப்போது எச்சரிக்கை. மேலே சொன்ன கோனோலிடின் முடிவுகள் செல்களிலும் எலிகளிலும் கிடைத்தவை. மனிதர்களுக்கான மருந்தாக அது இன்னும் அனுமதிக்கப்படவில்லை. ஆனாலும் அதன் பெயரைப் போட்ட வலி மாத்திரைகளும் சொட்டுகளும் இணையத்தில் விற்கின்றன. தவிர, ஒரே இலையில் பல அல்கலாய்டுகள் கலந்திருக்கின்றன. பருவத்துக்கும் மண்ணுக்கும் ஏற்ப அளவு மாறும். இதே குலத்தைச் சேர்ந்த, ஆப்பிரிக்க இபோகா செடியின் இபோகெய்ன் இதயத் துடிப்பைக் குலைத்து உயிரையே பறித்திருக்கிறது. ஆகவே வேரைக் கஷாயம் வைத்துக் குடித்து மூட்டு வலிக்குப் பரிசோதனை செய்ய வேண்டாம்.

கண் விஷயம் அதைவிட அவசரமானது. மூடிய இமைமேல் குளிர்ச்சிக்காகப் பூ வைப்பது ஒன்று, பூச்சாற்றையோ இலைப்பாலையோ கண்ணுக்குள் விடுவது முற்றிலும் வேறு. கதிர் அறுக்கும்போது தாளோ தூசியோ பட்டுச் சிவந்த கண்ணில் கிருமி கலந்த சாறு போனால் கருவிழியில் புண் வரும், பார்வையே போகலாம். கண்ணில் அடிபட்டால் கைவைத்தியத்தில் ஒரு நாளும் கடத்தாமல், வாணியம்பாடியிலோ திருப்பத்தூரிலோ உள்ள அரசு மருத்துவமனைக்கு அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.