பேட்டரியையும் கிலோவில்தான் கேட்கணும்

திருப்பூரில் விமான நிலையம் கிடையாது. ஷூட்டுக்குப் பறக்கிறவர்கள் அவிநாசி ரோட்டைப் பிடித்துச் சுமார் 50 கிலோமீட்டர் போய், கோவை பீளமேட்டில்தான் விமானம் ஏறணும். முன்பெல்லாம் பையரிடமிருந்து போட்டோ வரும், இங்கிருந்து துணி போகும். இப்போது சொந்த பிராண்ட் வைத்திருக்கும் கம்பெனிகள் கேட்லாக்குக்காகக் கோவா, துபாய், சிங்கப்பூர் என்று கிளம்புகின்றன. இந்த மாதிரி டீம்களோடு பழகியதில், கேமரா பெட்டியைப் பற்றி நான் சேர்த்து வைத்திருக்கும் குறிப்புகள் இவை. லென்ஸ் பற்றிச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். பேட்டரியைப் பற்றித்தான் யாரும் முழுசாகச் சொல்வதில்லை.

முதல் குழப்பம் எம்.ஏ.எச். என்ற எண். பவர் பேங்கில் பெரிதாக 20,000 என்று போட்டிருக்கும். ஸ்டுடியோ பிளாஷ் பேட்டரியில் 2,600 என்று சின்னதாக இருக்கும். எது பெரியது என்று கேட்டால் எல்லோரும் பவர் பேங்கைத்தான் காட்டுவார்கள்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பின்னலாடைத் துணியை நாம் மீட்டரில் கேட்பதில்லை, கிலோவில்தான் கேட்கிறோம். ஏன்? ஒரே டயாவில் 180 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்சி 100 மீட்டரும், 280 ஜி.எஸ்.எம். பிளீஸ் 100 மீட்டரும் ஒன்றில்லை. நீளத்தை மட்டும் சொன்னால் நூல் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியாது. எம்.ஏ.எச். என்பது அந்த மீட்டர் மாதிரி. வோல்ட் என்பது ஜி.எஸ்.எம். மாதிரி. இரண்டையும் பெருக்கினால் வருகிற வாட்-ஹவர்தான் கிலோ. விமானக் கம்பெனி கேட்பது இந்தக் கிலோ கணக்கை மட்டும்தான்.

கணக்கு இப்படி: எம்.ஏ.எச்.சை 1,000-ஆல் வகுத்து, வோல்ட்டால் பெருக்கணும். 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்கின் உள்ளே இருக்கும் செல் 3.7 வோல்ட். ஆக 74 வாட்-ஹவர். (வெளியே 5 வோல்ட் என்று எழுதியிருப்பது அவுட்புட், அதை வைத்துப் பெருக்கக் கூடாது.) கோடாக்ஸ் ஏடி600 ப்ரோ பிளாஷின் பேட்டரி வெறும் 2,600 எம்.ஏ.எச்.தான், ஆனால் 28.8 வோல்ட். பெருக்கிப் பாருங்கள், 74.88! இரண்டும் ஏறத்தாழ ஒரே எடை. சோனி கேமராக்களில் போடும் எஃப்.இசட்.100 பேட்டரி 7.2 வோல்ட், 2,280 எம்.ஏ.எச்., அதாவது சுமார் 16.4 வாட்-ஹவர். இவற்றுக்குப் பக்கத்தில் அது ஒரு குழந்தை.

இனி விதி. உலகம் முழுக்க அடிப்படை ஒன்றுதான். 100 வாட்-ஹவர் வரைக்கும் தனி அனுமதி வேண்டாம். 100-க்கு மேல் 160 வரைக்கும் விமானக் கம்பெனியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கணும், ஒரு ஆளுக்கு இரண்டு உதிரி பேட்டரிதான். 160-க்கு மேல் பயணியாகப் போய் எடுத்துக்கொண்டு போகவே முடியாது. இந்த வரம்பு ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனி. ஆறு கேமரா பேட்டரியைக் கூட்டிப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு, தேவையில்லை. வீடியோ எடுக்கிறவர்களின் வி-மவுன்ட் பேட்டரிதான் கவனிக்க வேண்டியது. 98, 99 வாட்-ஹவர் என்று விற்பது தற்செயல் இல்லை, இந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கத்தான். 30,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 111 வந்துவிடும், அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

கேமராவுக்கு வெளியே தனியாக இருக்கும் எந்த லித்தியம் பேட்டரியும் கைப்பையில்தான் வரணும். செக்-இன் பெட்டியில் கூடவே கூடாது. பவர் பேங்கும் உதிரி பேட்டரி கணக்குத்தான். ஆபத்தான பொருளை ஆட்கள் உட்காரும் இடத்துக்கா கொண்டுபோகச் சொல்வார்கள், கீழே போட்டால் என்ன என்று ஒருத்தர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி.

பதில் லித்தியம் எரிகிற விதத்தில் இருக்கிறது. செல்லுக்குள் இரண்டு முனைகளையும் பிரித்து வைத்திருப்பது மிக மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். அது கிழிந்தாலோ உருகினாலோ உள்ளேயே ஷார்ட் ஆகும். சூடு ரசாயன வினையைத் தூண்டும், வினை இன்னும் சூட்டைக் கிளப்பும், அது பக்கத்துச் செல்லுக்குத் தாவும். கீழ்த்தளத்தில் தீயணைக்க இருக்கும் ஹாலான் வாயு சுடரை அடக்கும், செல்லின் சூட்டை இறக்காது. மேலே கேபினில் என்றால் புகை வந்ததும் ஆள் பார்ப்பார்கள், தண்ணீரை ஊற்றிக் குளிர்விக்கலாம். அதற்காகத்தான் கண் முன்னால் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

2010 செப்டம்பர் 3-ஆம் தேதி துபாயிலிருந்து கிளம்பிய யு.பி.எஸ். நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானத்தில் இதுதான் நடந்தது. சரக்கில் ஆயிரக்கணக்கில் லித்தியம் பேட்டரிகள். தீப்பிடித்துப் புகை காக்பிட்டை நிறைத்து, விமானிகளால் கருவிகளையே பார்க்க முடியவில்லை. இருவரும் இறந்தார்கள். 2016 ஏப்ரலிலிருந்து பயணிகள் விமானத்தில் லித்தியம் அயன் பேட்டரியைத் தனிச் சரக்காக ஏற்றுவதே நிறுத்தப்பட்டது.

நம்ம ஷூட்டுக்கு நேரடியாகப் பொருந்துகிற சோதனை ஒன்றும் உண்டு. 2017-இல் அமெரிக்க விமானத் துறை ஒரு லேப்டாப் பேட்டரியைப் பெட்டிக்குள் வைத்துச் சூடாக்கியது. பக்கத்தில் தலைமுடிக்கு அடிக்கும் ஒரு ஏரோசால் டப்பா. கொஞ்ச நேரத்தில் டப்பா வெடித்தது. ஸ்டைலிஸ்ட்டின் பெட்டியில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: ஹேர் ஸ்ப்ரே, கத்தரி, சேஃப்டி பின், கிளிப், ஸ்டீமர். இடம் பத்தவில்லை என்று அந்தப் பெட்டியில் ஒரு பவர் பேங்கைச் செருகுவது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது!

கேபினில் இருந்தால் மட்டும் போதாது, எங்கே இருக்கிறது என்பதும் இப்போது கேள்வியாகிவிட்டது. 2025 ஜனவரி 28-ஆம் தேதி தென் கொரியாவில் ஏர் பூசான் விமானம் கிளம்பும் முன்பே தலைக்கு மேலுள்ள பெட்டியிலிருந்து தீப்பிடித்தது. எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள், விமானம்தான் எரிந்தது. சந்தேகம் ஒரு பவர் பேங்க் மீது விழுந்தது. அதன் பிறகு விதிகள் வரிசையாக இறுகின. ஸ்கூட் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவோ சார்ஜ் ஏற்றவோ விடுவதில்லை. எமிரேட்ஸ் அக்டோபர் 1 முதல் அதே தடையோடு, ஒரு ஆளுக்கு ஒன்றே ஒன்று என்றும் சொல்லிவிட்டது. சீனாவின் உள்நாட்டு விமானங்களில் 3சி முத்திரை இல்லாத பவர் பேங்குக்கு ஜூன் 28 முதல் இடமில்லை. கேன்டன் கண்காட்சிக்குப் போகிற நம்ம ஆட்கள் இதைக் குறித்துக்கொள்ளணும்.

சரி, பெட்டியை எப்படிக் கட்டுவது? உள்நாட்டில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோ. இரண்டு கேமரா, மூன்று லென்ஸ் வைத்தாலே அது நிறைந்துவிடும். அதனால் பிளாஷ் தலையைப் பேட்டரி கழற்றிச் செக்-இன்னிலும், பேட்டரியை மட்டும் கையிலும் வைக்கணும். டிரைபாட், ஸ்க்ரூடிரைவர், ஆலன் கீ கீழேதான். சாம்பிளையும் மறக்கக் கூடாது. டி-ஷர்ட் ஒன்று 150 முதல் 200 கிராம் என்றால் 60 பீஸ் 10 கிலோ பக்கம் வந்துவிடும். பேட்டரிகளை டீமில் பிரித்துக் கொடுக்கலாம், ஆனால் மாடலோ மெர்ச்சண்டைசரோ தன் பையில் என்ன இருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்கணும். செக்யூரிட்டியில் "இது என்னதுங்க?" என்று கேட்டால் முழிக்கக் கூடாது.

ஒவ்வொரு பேட்டரியின் முனையையும் மூடி போட்டோ டேப் ஒட்டியோ மறைக்கணும். சாவி, சில்லறையோடு உருளவிட்டால் ஷார்ட் ஆகும். உப்பிய பேட்டரியை எடுத்துப் போகவே போகாதீர்கள். மலிவு விலை டூப்ளிகேட்டில் எழுத்து அழிந்து வாட்-ஹவர் தெரியாவிட்டால், எடுத்துப் போகலாமா என்பதை அங்கே இருப்பவர்தான் முடிவு செய்வார். விடிகாலை வெளிச்சத்துக்காக மாடலுக்கு ஒரு நாள் சம்பளம் கொடுத்து, ஒரே ஒரு சாம்பிள் செட்டோடு போயிருக்கும்போது, 800 ரூபாய் பேட்டரியால் அத்தனையும் நிற்கும். என்னைக் கேட்டால் கொச்சி போன்ற இடங்களுக்கு விமானமே வேண்டாம், வேனில் போய்விடலாம். வெளிநாடு என்றால் லைட்டை அங்கேயே வாடகைக்கு எடுப்பது நல்லது.

வெளிநாடு போகிறவர்களுக்குக் கஸ்டம்ஸ் விஷயம் ஒன்று. கிளம்பும்போதே விமான நிலையக் கஸ்டம்ஸில் எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் திரும்பி வரும்போது, உங்கள் கேமராவை அங்கே வாங்கினீர்களா என்று கேட்டு வரி போட இடமுண்டு. சாமான் நிறைய என்றால் ஃபிக்கி தருகிற ஏ.டி.ஏ. கார்னே இருக்கிறது, சிறிய டீமுக்கு அது கொஞ்சம் பெரிய செருப்பு. சர்டிபிகேட்டுக்குப் பொருளையும் சீரியல் நம்பரையும் காட்டணும். அதனால் பிளாஷ் இருக்கும் பெட்டியைக் கவுன்ட்டரில் போடும் முன்னாலேயே இதை முடிக்கணும், பெல்ட்டில் போன பெட்டியைத் திரும்ப வரவழைப்பது பெரும்பாடு.