சாப்பிட மறுக்கும் பிள்ளை: பிடிவாதமா, நோயா?

பதின்ம வயதுப் பெண் ஒருத்தி சோற்றைக் குறைக்கிறாள். “டயட்ல இருக்கேன்” என்கிறாள். எடை இறங்கத் தொடங்கியதும் உறவினர்கள் பாராட்டுகிறார்கள். மேலும் இறங்கும்போது அம்மா கெஞ்சுகிறார். கடைசியில் “எல்லாம் திமிர்” என்று வீடே திட்டுகிறது. இதற்குள் அவள் உடலில் நோய் வேரூன்றியிருக்கலாம். உணவை ஒதுக்கும் அனோரெக்சியா, மனநோய்களுள் மிக அதிகமாக உயிரைப் பறிப்பவற்றில் ஒன்று. ஆண் பிள்ளைகளுக்கும் இது வரும்.

பட்டினி மனத்தையும் மாற்றும்

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். போரினால் பட்டினியில் வாடிய மக்களை எப்படித் தேற்றுவது என்று கண்டறிவதே நோக்கம். போரில் ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் கொடுக்காத 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்களா என்று பரிசோதித்தே அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

24 வாரங்கள் அவர்களுக்குக் கிடைத்தது நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி ஆகியவையே முக்கிய உணவு. உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கரைந்தது. நாடித்துடிப்பு வெகுவாகக் குறைந்தது. வெயில் காலத்திலும் குளிரெடுத்தது. கால்கள் வீங்கின, முடி உதிர்ந்தது.

மனமும் மாறியது. நண்பர்களைத் தவிர்த்தார்கள்; சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுந்தார்கள். சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள்; தட்டில் இருந்த கொஞ்ச உணவை வெகுநேரம் அளைந்து அளைந்து சாப்பிட்டார்கள். ஒல்லியாக வேண்டும் என்று அவர்கள் யாரும் ஆசைப்படவில்லை. பட்டினிதான் அவர்களை அப்படி ஆக்கியது. அனோரெக்சியா வந்த பிள்ளையிடம் நாம் காணும் பிடிவாதத்திலும் கோபத்திலும் ஒரு பெரும்பகுதி பட்டினி கிடக்கும் மூளையின் வேலை. இதைப் பெற்றோர் புரிந்துகொள்வதுதான் சிகிச்சையின் முதல் படி.

உறுப்புகளுக்கு என்ன நேர்கிறது?

உணவு வராதபோது உடல் முதலில் கல்லீரலில் உள்ள சர்க்கரைச் சேமிப்பைச் செலவழிக்கிறது. அது ஒரு நாள் அளவே தாங்கும். பிறகு கொழுப்பைக் கரைக்கிறது, தசையையும் கரைக்கிறது. இதயமும் தசைதான். அது மெலிந்து, துடிப்பு மந்தமாகி, ரத்த அழுத்தம் இறங்குகிறது. எழுந்து நின்றாலே தலை சுற்றுவது இதனால்தான்.

உயிரைக் காக்க மற்ற செலவுகளை உடல் நிறுத்துகிறது. மாதவிடாய் நின்றுபோகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு அடர்த்தி குறைகிறது. எலும்பு வலுப்பெறும் பருவமே பதின்ம வயது என்பதால் அப்போது ஏற்படும் இழப்பைப் பிற்காலத்தில் முழுதாக ஈடுகட்டுவது கடினம். முதுகிலும் கையிலும் மென்மையான பூனைமுடி முளைக்கலாம். இரைப்பையின் இயக்கம் மந்தமாகிறது. “ரெண்டு வாய்க்கே வயிறு நிறைஞ்சிடுச்சு” என்று அவள் சொல்வது பல நேரம் உண்மைதான்.

எடை சரியாக இருந்தாலும் ஆபத்து

அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டுக் குற்ற உணர்வில் வாந்தி எடுப்பதும் பேதி மாத்திரை போடுவதும் புலிமியா என்ற நோய். 1979-இல் லண்டன் மருத்துவர் ஜெரால்டு ரஸ்ஸல் இதைத் தனி நோயாக விவரித்தார். இவர்களில் பலர் சாதாரண எடையில் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. தொடர்ந்து வாந்தி எடுப்பதால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைகிறது. இதயத் துடிப்பின் தாளம் தவறித் திடீர் மரணம்கூட நேரலாம். வயிற்று அமிலம் பற்களின் எனாமலை அரிக்கிறது. காதுக்குக் கீழே கன்னம் வீங்கலாம். விரலை விட்டு வாந்தி எடுப்பவர்களுக்கு விரல் முட்டிகளில் தழும்பு விழலாம்.

உடனே வயிறு நிறைய ஊட்டாதீர்கள்

பல நாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென நிறையச் சாப்பாடு கொடுத்தால் இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் உள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை செல்களுக்குள் போய்விடும். மூச்சுத் திணறல், குழப்பம், இதயச் செயலிழப்புவரை போகலாம். இரண்டாம் உலகப் போரில் சிறை மீண்ட கைதிகள் சிலர் இப்படி உணவு கிடைத்த பிறகு இறந்தார்கள். ஆகவே மிகவும் மெலிந்துவிட்டவருக்கு மருத்துவர் மேற்பார்வையில், ரத்தப் பரிசோதனையோடு, வைட்டமின் பி1 கொடுத்து, உணவைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

• எல்லோருடனும் சேர்ந்து சாப்பிடுவதைத் தவிர்ப்பது
• சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய்த் தாழிட்டுக்கொள்வது
• அடிக்கடி எடை பார்ப்பது, தொளதொளவென உடுத்துவது
• உடல் சோர்ந்தபோதும் விடாமல் உடற்பயிற்சி செய்வது
• மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராதது
• எப்போதும் குளிர்கிறது என்பது

மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறல், தற்கொலைப் பேச்சு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

குடும்பம் செய்ய வேண்டியது

பொது மருத்துவரிடம் தொடங்குங்கள். நாடி, ரத்த அழுத்தம், ஈசிஜி, ரத்த உப்புகளின் அளவு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே மனநல மருத்துவரும் உணவியல் நிபுணரும் தேவை. லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்ப சிகிச்சை முறையில், பிள்ளை தேறும்வரை ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் பெற்றோரே பொறுப்பேற்கிறார்கள். திட்டாமல், பேரம் பேசாமல், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைக்கிறார்கள். எங்கே போவதென்று தெரியாதவர்கள் மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைக்கலாம்.

“குண்டாயிட்டே”, “இளைச்சு அழகாயிட்டே” என்ற இரண்டு பேச்சையும் வீட்டில் நிறுத்துங்கள். தேறுவதற்கு மாதங்கள் ஆகும். சிலருக்கு ஆண்டுகளும் ஆகும். மினசோட்டா இளைஞர்களுக்கே இழந்த வலு சில வாரங்களில் திரும்பிவிடவில்லை. ஆனால் போதிய உணவு தொடர்ந்து கிடைத்தால் இதயமும் மூளையும் பெரும்பாலும் மீண்டுவிடும். எலும்புக்கும் பல்லுக்கும் அந்த உறுதியைத் தர முடியாது. எனவே எலும்பும் தோலுமாகும்வரை காத்திருக்காமல், சந்தேகம் வந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.