மண்வாசனை மட்டும் போதுமா?

சங்கீதக் கச்சேரியைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதற்கு நம்மவர்களிடம் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. சாரீரம் எப்படி, சுருதி சேர்ந்ததா, ஆலாபனையில் ராகத்தின் உருவம் தெளிவாக எழுந்ததா, நிரவலில் சாஹித்தியம் சிதைந்ததா, பக்கவாத்தியம் அனுசரணையாக இருந்ததா என்று ஒவ்வோர் அங்கத்தையும் தனித்தனியே நிறுத்திப் பார்த்து விடுகிறோம். ஆனால் அதே ரசிகர் ஒரு நாட்டுப்புறப் பாடகரின் ஒலிநாடாவைக் கேட்டுவிட்டுப் பேச வரும்போது, அத்தனை சொற்களும் அவரைக் கைவிட்டு விடுகின்றன. "ஆஹா, என்ன மண்வாசனை!" என்கிறார். அத்துடன் விமர்சனம் முடிந்து போகிறது.

மண்வாசனை நல்ல சொல்தான். ஆனால் வாசனையை அநுபவிப்பதற்கு யாரும் மண்ணில் இறங்க வேண்டியதில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும். பாட்டு என்ன சொல்கிறது, யாருக்குச் சொல்கிறது, எந்த நுட்பத்தால் சொல்கிறது என்று விசாரிக்கும் சிரமம் இல்லாமலே பாராட்டி முடித்துவிடலாம்.

இப்படிப்பட்ட பாராட்டு போதாது என்று உணர்த்துவதற்கு எல்லாத் தகுதியும் வாய்ந்த ஒருவர் புதுச்சேரியில் வாழ்ந்தார். அவர் கே. ஏ. குணசேகரன் (1955–2016). பாடகர், ஆராய்ச்சியாளர், நாடகாசிரியர், பேராசிரியர் என்ற நான்கு பொறுப்புக்களையும் ஒருவரே சுமந்தார். சேரியின் பாட்டை மேடையேறிப் பாடியதும் அவரே. அதை எப்படிக் கேட்க வேண்டும் என்று நூல் எழுதியதும் அவரே.

குயில் கேட்ட பாட்டுக்கள்

புதுவைக்கும் உழைப்பாளிகளின் பாட்டுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1908 முதல் 1918 வரை பிரெஞ்சு ஆட்சியின் நிழலில் இந்நகரில் வசித்த பாரதியார், 'குயில் பாட்டு' என்னும் காவியத்தை இங்கேதான் இயற்றினார். அதில் வரும் குயில் எந்தெந்த இசைக்குத் தன் நெஞ்சைப் பறிகொடுத்தது என்று ஒரு பட்டியலே சொல்கிறது. ஏற்றம் இறைக்கிறவர்களின் பாட்டு, நெல் குத்தும் பெண்களின் ஒலி, சுண்ணம் இடிப்பவர்களின் பண், வயலில் வேலை செய்யும் பெண்களின் பாட்டு, கும்மியின் கைத்தாளம் ஆகிய எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. புல்லாங்குழலுக்கும் வீணைக்கும் கொடுத்த ஆசனத்தையே கவி இவற்றுக்கும் கொடுத்திருக்கிறார்.

அந்தக் குயில் தோப்பு இருக்கும் கருவடிக்குப்பத்திலேயே, தமிழ் நாடக மேடையின் தலைமை ஆசிரியராகப் போற்றப்படும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதியும் இருக்கிறது. 1922-ஆம் ஆண்டு அவர் புதுவையில் காலமானார். நகருக்கு வடக்கே காலாப்பட்டில் அமைந்துள்ள புதுவைப் பல்கலைக் கழகம், தன் நிகழ்கலைப் பள்ளிக்கு அவருடைய பெயரையே சூட்டியிருக்கிறது. இந்திரா பார்த்தசாரதி முதலியோர் வளர்த்த அந்தப் பள்ளியில்தான் குணசேகரன் பேராசிரியராக இருந்தார்.

பெயர் மாறிய கதை

இந்தப் பாட்டுக்களைப் படித்தவர்கள் எப்படி வரவேற்றார்கள் என்பதை, அவற்றுக்கு இட்ட பெயர்களைக் கொண்டே அறியலாம். ஒரு காலத்தில் அவற்றை 'நாடோடிப் பாடல்' என்றோம். தலைமுறை தலைமுறையாக ஒரே நிலத்தில் நாற்று நட்டுக் களை பறித்த பெண்ணின் பாட்டுக்கு நாடோடி என்று பெயர் வைத்தது வேடிக்கைதான்! அப்புறம் 'பாமரர் பாடல்' என்றோம். 'நாட்டுப் பாடல்' என்றோம். கடைசியில் 'நாட்டுப்புறப் பாடல்' என்று நிலைத்தது. இவற்றில் ஒன்றேனும் பாடியவர்கள் வைத்த பெயர் அல்ல. எல்லாம் கேட்டவர்கள் வைத்த பெயர்கள்.

தொகுத்தவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. 1871-இல் சார்லஸ் கோவர் என்னும் ஆங்கிலேயர் தென்னிந்திய நாடோடிப் பாடல்களை ஆங்கிலத்தில் நூலாக்கினார். பெர்ஸி மாக்வீன் என்னும் ஆங்கிலேய அதிகாரி திரட்டி வைத்த பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, 1958-இல் 'மலையருவி' வெளிவந்தது. நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964-இல் வந்தது. இந்தப் பெரியோர்கள் இல்லாவிட்டால் எத்தனையோ பாடல்கள் மறைந்து போயிருக்கும்.

ஆயினும் காகிதத்தில் ஏறும்போது பாட்டு ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. மெட்டு நழுவி விடுகிறது. பறையின் அடி நழுவி விடுகிறது. பாடினவர் மூச்சு வாங்கிய இடமும், கூட்டம் எதிர்க்குரல் கொடுத்த இடமும் தெரியாமல் போகின்றன. எஞ்சுவது சொற்கள் மட்டுமே. ஆகையால் புலவர்கள் அதில் உவமை நயத்தைத் தேடினார்கள். சமூக நூலார் வழக்கங்களைத் தேடினார்கள். பாட்டைப் பாட்டாகவே மதிப்பிடும் கலை வளராமல் நின்றது.

பாடகரே விமர்சகரானார்

இராமநாதபுரம் சீமையில் இளையான்குடிக்கு அருகே மாரந்தை என்னும் சிற்றூர் குணசேகரனின் ஊர். தீண்டாமையின் கொடுமைக்கு ஆளான சமூகத்தில் பிறந்தவர் அவர். பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் கிணற்றடியிலும் அந்தக் கொடுமை எப்படியெல்லாம் தலைகாட்டிற்று என்பதைத் தமது தன்வரலாறாகிய 'வடு' என்னும் நூலில் மிகைப்படுத்தாமல் சொல்லியிருக்கிறார். 2005-இல் வெளிவந்த அந்நூல் பின்னர் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது.

அவர் நடத்திய இசைக்குழுவின் பெயர் 'தன்னானே'. நாட்டுப்புறப் பாட்டில் மெட்டைப் பிடித்து நிறுத்தும் அசைச்சொல் அது. அர்த்தமில்லாத வெறும் ஒலி என்று நாம் எண்ணுவதை, அதுவே பாட்டின் முதுகெலும்பு என்று எடுத்துத் தம் குழுவுக்குப் பெயராகச் சூட்டினார். இடதுசாரி இயக்கங்களின் மேடைகளிலும் தலித் இயக்கங்களின் மேடைகளிலும் அவருடைய கம்பீரமான குரல் ஒலித்தது. கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' என்னும் பாட்டை ஊர் ஊராகப் பாடிப் பரப்பியவர்களில் முதலிடம் அவருக்கே உரியது. அவருடைய பாட்டுக்கள் ஒலிநாடாக்களில் ஏறி, அவர் கால் வைக்காத ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்தன.

இப்போது நம் 'மண்வாசனை' ரசிகரை மீண்டும் அழைத்து, இந்தப் பாட்டை அவருக்குப் போட்டுக் காட்டுவோம். தாங்களும் மனிதர்களே என்று சிலர் சபையில் எழுந்து நின்று முழங்குகிறார்கள். "கொச்சை மொழியில் எவ்வளவு இனிமை!" என்று அவர் தலையசைத்தால், அது பாராட்டா, பரிகாசமா? நியாயம் கேட்டு வந்தவனின் வழக்கைக் கேளாமல், அவன் குரல் வளத்தை மெச்சி அனுப்பிவிடும் நீதிபதியை என்னவென்பது?

குணசேகரன் இதற்கு விடையாகக் கோபித்துக்கொண்டு பாட்டை நிறுத்தி விடவில்லை. பேனாவை எடுத்தார். 'நாட்டுப்புறம்' என்ற ஒரே சொல்லுக்குள் ஊரும் சேரியும் ஒன்றாக அடைக்கப்படும்போது, சேரியின் குரல் ஊரின் பெயரால் வழங்கத் தொடங்கிவிடும். ஆகையால் 'சேரிப்புறவியல்' என்ற சொல்லையே தலைப்பாக்கி நூல் எழுதினார். நாட்டுப்புறப் பாட்டு கிராமத்துக்கே சொந்தம் என்ற எண்ணத்துக்கு மாறாக, நகரத்துப் பாட்டுக்களைப் பற்றி 'நகர்சார் நாட்டுப்புறப் பாடல்கள்' என்றொரு நூலும் தந்தார். அவருடைய 'பலி ஆடுகள்' தமிழில் தலித் நாடகத்துக்கு வழிகாட்டியாக எண்ணப்படுகிறது. சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் சில ஆண்டுகள் பணியாற்றினார். 2016 ஜனவரியில் புதுவையில் காலமானார்.

தமிழிசையும் மற்றொரு படியும்

நம் குடும்பங்களுக்கு இந்த விவகாரம் முற்றும் புதிதல்ல. 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் தமிழிசைக்காகத் தீர்மானம் நிறைவேறியது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. கச்சேரியில் தமிழ்ப் பாட்டு 'துக்கடா'வாகக் கடைசியில் வந்துபோனால் போதாது. நடுநாயகமாக விளங்க வேண்டும் என்று ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியாரும், 'கல்கி'யும், மற்றப் பெரியோர்களும் வாதாடினார்கள். "தமிழில் சங்கீதத்துக்கு ஏற்ற உருப்படிகள் ஏது?" என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. இன்று அந்தக் கேள்வியைக் கேட்க யாரும் துணிய மாட்டார்கள்.

அந்த இயக்கம் எந்த மொழியில் பாடுவது என்று கேட்டது. குணசேகரன் போன்றவர்கள் அடுத்த படியில் நின்று, யாருடைய பாட்டு என்று கேட்டார்கள். முதற் கேள்விக்கு நியாயம் வழங்கியவர்கள் இரண்டாவதற்கு மட்டும் காதைப் பொத்திக்கொள்வது முறையாகுமா?

பாட்டைப் பெற்றுக்கொண்டு பாடினவரை மறந்து விடும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 1927-ஆம் ஆண்டு பிரிஸ்டல் என்னும் ஊரில் நடந்த ஒலிப்பதிவின் மூலம் கார்ட்டர் குடும்பத்தார் நாட்டுப்புற இசையின் மூலவர்களாகப் புகழ் பெற்றார்கள். அக்குடும்பத் தலைவர் மலைநாடெங்கும் பாட்டுத் தேடி அலைந்தபோது, உடன் சென்று மெட்டுக்களை மனத்தில் பதித்துக்கொண்டு வந்தவர் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கலைஞர். இசைத்தட்டில் கார்ட்டர் பெயர் இருந்தது. ரிடிலின் பெயர் இல்லை. பல ஆண்டுகள் கழித்து 1960-களில்தான் ஆராய்ச்சியாளர்கள் அவரைத் தேடிச் சென்றார்கள்.

நம்மிடையே 2021 மார்ச்சில் வெளியான 'என்ஜாய் எஞ்சாமி' உலகமெங்கும் பரவியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் நினைவுகளைக் கொண்டு அதன் சொற்களை எழுதியவர் அறிவு. தீயுடன் சேர்ந்து பாடியவரும் அவரே. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' பத்திரிகையின் அட்டையில் அவர் முகம் இல்லாதது பெரும் கண்டனத்தைக் கிளப்பிற்று. பிறகுதான் அவருக்கென்று தனியாக ஓர் அட்டை வெளியாயிற்று. ரிடிலைத் தேடிச் செல்லப் பல ஆண்டுகள் ஆயின. இங்கே சில நாட்களிலேயே கேள்வி எழுந்து விட்டது. அது மட்டும் முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்ளலாம்.

எப்படிக் கேட்பது?

அப்படியானால் நாட்டுப்புறப் பாடகரின் இசைத்தொகுப்பை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? ராக லக்ஷணத்தைக் கொண்டு ஒப்பாரியை அளப்பது, படியைக் கொண்டு துணியை அளப்பது போன்றது. அதற்குரிய அளவுகோல் அந்தப் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

முதலாவதாக, பாட்டு எந்த வேலைக்குப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். நடவுப் பாட்டின் நடை குனிந்து நிமிரும் உடம்பின் நடை. தாலாட்டின் நடை தொட்டிலின் நடை. மேடைக்காக வேகத்தைக் கூட்டும்போது அந்த உயிர் இருக்கிறதா, போய்விட்டதா? இரண்டாவதாக, தனிக்குரலும் கூட்டுக்குரலும் மாறி மாறி வரும் இடத்தைக் கவனிக்க வேண்டும். கூட்டம் வெறும் எதிரொலிதானா, அன்றி பாட்டைத் தள்ளிக்கொண்டு போகிறதா? மூன்றாவதாக, பறையைக் கேட்க வேண்டும். நெருப்பில் காட்டித் தோலை முறுக்கேற்றி, நீண்ட மெல்லிய குச்சியாலும் குட்டையான தடித்த குச்சியாலும் அடித்து எழுப்பும் அந்த ஒலியின் கணக்கு, மிருதங்கத்தின் கணக்குக்கு இளைத்ததல்ல. நான்காவதாக, சொல்லை முழுமையாகக் கேட்க வேண்டும். பாட்டு ஏதேனும் ஒரு குறையைச் சொன்னால், அந்தக் குறை உண்மைதானா, அதில் நமக்குப் பங்கு உண்டா என்று யோசிக்க வேண்டும். கடைசியாக, குறையிருந்தால் குறை சொல்லவும் வேண்டும். ஏழை பாடினான் என்பதற்காகத் தவறைப் பொறுத்துக்கொள்வதும் ஒருவகை அலக்ஷியமே. சமமானவனிடத்தில்தான் நாம் குற்றம் காண்கிறோம்.

பரண்மேல் இருக்கும் பொக்கிஷம்

புதுவையில் கடற்கரைக்கு அருகே பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே காக்கப்படும் சைவ ஆகமச் சுவடிகளை உள்ளடக்கிய தொகுதியை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. பூச்சி அரிக்காமல், ஈரம் பாயாமல், ஒவ்வோர் ஏட்டையும் கண்போல் பாதுகாக்கிறார்கள். தமிழர் அனைவரும் பெருமைப்பட வேண்டிய காரியம்.

பனையோலை நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்கும். ஒலிநாடாவோ சில பத்தாண்டுகளிலேயே பூஞ்சை பிடித்து, பூச்சு உதிர்ந்து, ஊமையாகி விடும். 1980-களிலும் 1990-களிலும் மேடையோரத்தில் வாங்கிய நாட்டுப்புறப் பாட்டு நாடாக்கள் பல வீடுகளின் பரண்மேல் இன்னும் கிடக்கின்றன. நேயர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே அவற்றை இறக்கிப் பார்க்கட்டும். பழுதாகாதவற்றைக் கணினியில் ஏற்றி வைக்கட்டும். பாடினவர் யார், பறை அடித்தவர் யார், எந்த ஊர்ப் பாட்டு என்று தெரிந்தவரை ஒரு தாளில் குறித்து, நாடாவுடன் சேர்த்து வைக்கட்டும். பிறகு வீட்டில் உள்ள பிள்ளைகளை உட்கார வைத்து ஒருமுறை முழுவதும் கேட்கட்டும். "நன்றாயிருந்ததா?" என்று மட்டும் கேட்டு விட்டுவிடாமல், "அவர் என்ன சொன்னார்?" என்றும் பிள்ளைகளைக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வீட்டில் விடை சொல்லத் தொடங்கினால், நாட்டுப்புறப் பாட்டுக்கு உண்மையான விமர்சனமும் அங்கிருந்தே பிறக்கும்.